கையை மடக்கி எறிந்த பந்து

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? நான் லண்டனில் நலம்.

ஒரு சின்னச் செய்தி. அங்கே ஜெர்மன் பேஸ்போல் லீக்கில் ஒன்பது வருடம் நான் பந்தெறிந்த இடத்தைக் கழகம் புதியவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டது. கவலைப்படாதீர்கள். வேலைக்காக ஜெர்மனியை விட்டு வந்தவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மிச்சம் என்ற ஊரின் பூங்காவில் நம்மாட்கள் கிரிக்கெட் விளையாடக் கூப்பிட்டார்கள். பேஸ்போல் பழக்கத்தில் எறிந்த என் முதல் பந்துக்கே அம்பலவாணன் அண்ணை, “தம்பி, கையை மடக்கி எறியேலாது. நோ போல்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு எல்லைக்கோட்டில் போய் நின்றுகொண்டேன். மறுபடி பந்து கேட்கவில்லை.

கழக அலுமாரியில் என் கையுறை கிடக்கிறது, எடுத்து வையுங்கள். சனிக்கிழமை அதை எடுக்கப் போனால், ஆட்டம் முடியும்வரை இருந்து அந்தப் புதியவன் எப்படி எறிகிறான் என்று பாருங்கள். நன்றாக எறிந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
நிரோஜன்