முதல் தட்டும் மூன்றாம் தாளும்

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவர் கோபமும் குறைவில்லாமல் நலம். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், அதனால்தான் கடிதம். நான் தபாலில் படிக்கிற பி.ஏ. வரலாற்றில் மூன்றாம் தாள், அடிமை நாடுகள் எப்படி விடுதலை வாங்கின என்கிற அந்தத் தாள் அரியர் கிடந்ததல்லவா, இந்தத் தடவையும் விட்டால் பட்டம் கிடையாது. பாழாய்ப்போன பரீட்சை சரியாக உன் செல்லக்கிளி அத்தை மகள் சடங்கன்றுதான் வந்து விழுந்தது. தாய்மாமன் சீரில் முதல் தட்டை மாமன் பெண்டாட்டிதானே தூக்கவேண்டும். நான் பரீட்சைக்குப் போறேன் என்றதும் உன் அப்பா, அம்புட்டு சனத்துக்கு முன்னாடி தட்டை யாருடி தூக்குறது, வெள்ளைக்காரனா வருவான் என்று குதித்தார்.

முதலில் நம் நாட்டு வழக்கப்படி மனுக் கொடுத்தேன். காப்பியோடு கேட்டேன், வடையோடு கேட்டேன், கப்பலூர் கம்பெனிக்கு அவர் கிளம்பும்போது கேட்டேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். வெள்ளைக்காரனும் இதையேதான் சொல்லியிருக்கிறான், ஆள்தான் மாறியிருக்கிறது. பிறகு ஒத்துழையாமை, இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மனுஷர் கோரிப்பாளையத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தார், போராட்டம் பிசுபிசுத்துப்போனது. கடைசியில் இந்தோனேஷியாக்காரன்தான் எனக்குக் கைகொடுத்தான். அவன் யாரையும் கேட்கவில்லை, விடுதலை என்று தானே அறிவித்துவிட்டான், டச்சுக்காரன் ஒத்துக்கொள்ள நாலு வருஷ அடிதடி ஆனது. நானும் அறிவித்தேன். தட்டு மேஜை மேல் இருக்கிறது, நான் பரீட்சைக்கு நாகமலை பஸ்ஸில் இருக்கிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பயம் இல்லாமல் இல்லை தாயி, பஸ்ஸில் ஹால்டிக்கெட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருஷத்தில் அவர் பேச்சை மீறியது அதுதான் முதல் தடவை.

பரீட்சை நன்றாக எழுதினேன், கூடுதல் தாள் மூன்று வாங்கினேன். அங்கே முதல் தட்டைத் தூக்கியது யார் என்கிறாய், சாட்சாத் உன் அப்பாதான், பட்டு வேட்டியும் மீசையுமாக மேளத்துக்குப் பின்னால். அண்ணே, மதினியவிட நீங்க நல்லாத் தூக்குறீக என்று செல்லக்கிளியே சொன்னாளாம். சனமெல்லாம் போட்டோ எடுத்திருக்கிறது, அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்டுவைக்காதே.

விடுதலை வாங்கிய மறுநாள் பாத்திரம் கழுவியது யார் என்று மட்டும் என் புத்தகத்தில் இல்லை. நேற்றிலிருந்து சிங்க் நிறைய எச்சில் தட்டும் சட்டியும் கிடக்கிறது, நான் தொடவில்லை.

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய்நொடி இல்லாமல் மகராசியாக இரு. இதோ, அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. ஏதோ ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தும் விட்டது. எழுந்து போய்விடக் கூடாது என்றுதான் கையெழுத்தை மெதுவாகப் போடுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
முத்துத்தாய்