டொக்டரிடம் கூட்டாமல் சொன்னது

நெதர்லாந்தின் பனிச்சிங்கமே, என் அக்கா பெற்ற டனிஸ்ரா,

நீ ஐஸ் ஹொக்கி மட்டையைத் தூக்கினால் மொன்றியல் ஆறே ஒதுங்கி வழிவிடும் என்று இந்த லாசால் ஊர் முழுக்கப் பறைசாற்றியவன் நான்.

நேற்றுப் பயிற்சியில் தலையடிபட விழுந்தாய். "டொக்டர் கேட்டா ஒண்டுமில்லையெண்டு சொல்லுங்கோ மாமா. நாளைக்குத் தெரிவு மட்ச்சில இறங்காட்டி இந்த அணி என்னை எடுக்காது. முப்பது வயசுக்குப் பிறகு ஆர் கூப்பிடுவினம்?" என்றாய். ஓமென்றேன். எனக்கா பொய் வராது?

இன்று காலை தேத்தண்ணீரோடு வந்த என்னிடம் டச்சில் ஏதோ கேட்டாய். மொழி விளங்கவில்லை. என்னை அடையாளம் தெரியாத உன் கண் விளங்கியது.

டொக்டரிடம் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். அணிப் பட்டியலிலிருந்து உன் பெயரை நீக்கிவிட்டார்கள்.

அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். இதைக் கதவடியால் தள்ளுகிறேன். திறந்து வந்து திட்டு. 'மாமா' என்று கூப்பிட்டுத் திட்டு.

வெளியே நிற்கும்,
உன் புளுகு மாமா