பூட்டி வைத்த மாத்திரை

என் குண்டு ராசா,

உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா சாப்பிடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே. நம் பிள்ளை தங்கவில்லை. வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னாள். அதை வெளியேற்ற மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

அது கருவைக் கலைக்கிற மாத்திரையாம். அமெரிக்காவின் இந்த லூசியானாவில் சட்டம் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எதுக்கும்மா இது? விசாரிக்காம தரமுடியாது” என்றாள்.

ஆலையில் என்னோடு நண்டு உரிக்கிற சாயோ கூட வந்திருந்தாள். “நம்ம மெக்சிகோவுல, சினலோவாவுல, இதே மாத்திரையை வயித்துப்புண்ணுக்குன்னு கேட்டா எடுத்துத் தந்துடுவான். இங்க துப்பாக்கியை வெளிய அடுக்கிட்டு மாத்திரையைப் பூட்டுறாளுங்கடி” என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிவரை தரவில்லை. ரத்தம் அதிகமாகி, ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறேன்.

ஊரிலிருந்து இங்கே வேலைக்குக் கிளம்பும் நெலிடாவிடம் அந்த மாத்திரையைக் கொண்டுவரும்படி சாயோ சொல்லியிருக்கிறாள். வேண்டாமென்று நீ போய்ச் சொல், பிடித்தால் ஜெயில். காய்ந்த மிளகாயும் உன் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்பு. சட்டையைத் துவைக்காதே.

ஆலை வேன் வந்துவிட்டது. ராசா, பிள்ளை தானாகத்தான் போனது என்பதற்கு ஒரு தாய் எதைக் காட்டுவாள்?