கழித்தல் தெரியாத செல்

அன்பு மகளுக்கு,

எண்ணெயே தொடாத மனிதருக்குக் கொழுப்பு ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவைப் பொறுத்தவரை எனக்குத் திட்டமான பதில் தெரியாது. என் ஆய்வகத்துச் செல்களைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். கொலஸ்ட்ரால் குறைந்தால் அவை தாமே அதைத் தயாரிக்கத் தொடங்கும். அந்த வேலையை நடத்தும் மரபணுவுக்குள்ளேயே மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு துணுக்கு ஒன்று இருக்கிறது. கொலஸ்ட்ராலை வெளியேற்றும் பம்புகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். தட்டுப்பாடு என்றதும் தயாரிப்பும் பதுக்கலும் ஒன்றாகவே தொடங்கிவிடுகின்றன.

கணக்கு வாத்தியாரான உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உள்ள போறது குறைஞ்சா மிச்சமும் குறையணும். ரெண்டாம் கிளாஸ் கழித்தல்!" என்கிறார். போன மாதம்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவித்த காயே போதுமென்று இப்போது கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் செல்லைப் படமாக வரைந்து விளக்கினேன்.

"இருபது வருஷமா அந்தச் செல்லுங்களே உன் பேச்சைக் கேக்கல. நான் மட்டும் கேக்கணுமாக்கும்?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மற்றபடி நலம். நீ அவசரப்பட்டுக் கிளம்பி வர வேண்டியதில்லை.

மறுநாள் எழுதிச் சேர்ப்பது: இன்று காலை நான் எதையும் விளக்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குங்க," என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கடிந்துகொண்டே மாத்திரையை விழுங்கினார்.

உன் அம்மா