ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே அப்பா, நான், சின்னவள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கமாகக் கேட்கிற இடம் இது, ஆனால் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்க என்பாய், ஐந்து மாதமாக அதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நடுவில் புகுந்து அப்பாவின் முழங்கால் வலியை விசாரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதில் நீ கெட்டிக்காரி. கடிதத்தில் நடுவில் புக முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி. முழங்கால் இப்போது பரவாயில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டிப்போவில் நாளைக்குப் பத்து பஸ்ஸைப் பிரித்துப் போடுகிற மனுஷனுக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாட்ட நேரமில்லை.

சின்னவளுக்குப் பதினாறு முடிந்ததற்கு நீ பதிவு செய்து அனுப்பிய ஸ்பாவுக்கு நானும் அவளும் சனிக்கிழமை போய்விட்டு நேற்று முன்தினம் திரும்பினோம். ஏரியைப் பார்த்த அறை, வெள்ளை வெளேரென்று துண்டுகள், செருப்புக்குப் பதிலாகக் காகிதத்தில் செய்த மாதிரி ஒரு செருப்பு, குடிக்க வெந்நீரில் என்னவோ இலை. எனக்கு எதற்கு இதெல்லாம், அவளும் அவள் தோழியும் போகட்டும் என்று நான் சொன்னபோது, இல்லை, அம்மாவும் பொண்ணும்தான் போகணும், ரெண்டு பேரும் கொஞ்சம் ஓய்வெடுங்க என்று அடம்பிடித்தாயே, அப்போது என் மகளுக்கு எவ்வளவு அக்கறை என்று வேலை செய்கிற இடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அது பரிசு இல்லை, லஞ்சம். எனக்கு இல்லை, அவளுக்கு. ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேள்.

எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, எங்கே வலி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி, மனதை அழுத்துகிற விஷயம் ஏதாவது உண்டா, இப்படி ஒரு பக்கம் முழுக்க. நீங்கள் எழுதுவது ரகசியமாக வைக்கப்படும் என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினாள். எழுதி முடித்ததும் படிவம் செருகிய அட்டையை என் மடியில் வைத்துவிட்டு, நீயே கொடுத்துடும்மா, நான் துணி மாத்திட்டு வரேன் என்று உள்ளே ஓடினாள். அவள் மறந்துபோனாள், தன் அம்மா யார் என்று. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கையில் வருகிற படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பித் தள்ளுகிறவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா? வேவு பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, சத்தியமாக. வயது போட்டிருக்கிறாளா, ரத்த வகை எழுதியிருக்கிறாளா என்று என் விரல் தானாக ஒவ்வொரு வரியாக இறங்கியது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். உங்கள் இரண்டு பேரையும் அப்படித்தானே வளர்த்தேன், படிவத்தில் காலி விடக் கூடாது, படிவத்தில் பொய் எழுதக் கூடாது, அங்கே எழுதுகிற பொய்யால் ஆளே செத்துப்போவான் என்று. அந்த வளர்ப்பு அவளிடமாவது தங்கியிருக்கிறது.

தூக்கம் என்ற இடத்தில் ஐந்து மாதமாகச் சரியாக இல்லை என்று எழுதியிருந்தாள். மனதை அழுத்துகிற விஷயம் என்ற இடத்தில், அக்கா மாமாவைப் பிரிந்து தனியாக இருக்கிறாள், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அம்மா இருமினாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இடம் போதாமல் கடைசி வார்த்தையைப் பக்கவாட்டில் நுணுக்கி எழுதியிருந்தாள். நான் அதை ஒருமுறைதான் படித்தேன். அட்டையைக் கவுன்ட்டரில் கொடுத்தேன், அந்தப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மணி நேரம் என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தேய்த்தார்கள். தேய்த்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், நல்ல கை. உடம்பைத் தளர விடுங்கம்மா, பலகை மாதிரி விறைச்சுக் கிடக்கு என்று பத்துத் தடவை சொல்லியிருப்பாள். எங்கே விடுவது? ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் குளிக்கிறார்மா என்பாயே, ஐந்து மாதமாக ஒரு மனுஷன் வாரம் தவறாமல் அதே நேரத்துக்குக் குளிக்கிறான், அவன் தோலே உரிந்திருக்க வேண்டுமே, இதைக்கூட யோசிக்காத மக்கு நான். பின்னால் இருந்த பச்சைத் திரை போய்ச் சுண்ணாம்புச் சுவர் வந்தபோது, திரையைத் துவைக்கப் போட்டிருக்கேன் என்றாய். மூன்று மாதமாகவா காயவில்லை?

ஆனால் நீ என்னை ஏமாற்றியதற்காக இந்தக் கோபம் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள். சின்னவள் மூன்று மாதமாக நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிகிறது. கணக்கில் தொண்ணூறு வாங்கியவள் நாற்பத்தொன்று வாங்கினாள். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் குசுகுசுவென்று பேசுவாள். நான் என்ன நினைப்பேன்? எவனையோ பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். யாருடி அவன் என்று கேட்டேன், யாருமில்லம்மா என்றாள், கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் அடி. போனைப் பிடுங்கிப் பதினோரு நாள் பீரோவில் பூட்டிவைத்தேன். உன் அக்கா எவ்வளவு ஒழுங்காக இருந்தாள், அவளைப் பார்த்துக் கத்துக்கோ என்று வேறு சொன்னேன். எதிரில் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டாளே தவிர உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குளியலறையில் அவள் பேசியது உன்னோடு. நீ அழுததற்கு அவள் அடி வாங்கினாள். இதை உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், அதனால்தான் நான் சொல்கிறேன்.

அதுவும் எதன்மேல் சத்தியம் வாங்கினாய்? உன் தலைமேல் வாங்கியிருக்கலாம், அந்தச் சுண்ணாம்புச் சுவர்மேல் வாங்கியிருக்கலாம். என்மேலா வாங்குவாய்? இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தேனே, அந்த நாலு நாளும் பள்ளிக்கூடம் போகாமல் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் யார்கிட்டயும் சொல்லலையே, நான் சொல்லவே இல்லையே என்று முணுமுணுத்தாள். காய்ச்சல் எனக்கு, உளறுகிறது இவளா என்று நினைத்துக் கேலி செய்தேன். நீ வயதில் பெரியவள், பிள்ளையா நீ, உன் பாரத்தை இறக்கிவைக்க உனக்கு வேறு தோளே கிடைக்கவில்லையா? அவளுக்குப் பள்ளிப் பையே கனம்.

அன்று சாயங்காலம் கேக் வெட்டும்போது நீ வீடியோவில் வந்தாய், லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுக்கொண்டு. மாப்பிள்ளை எங்கே என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். குளிக்கிறார்மா என்றாய். சின்னவள் உன்னைப் பார்க்கவில்லை, கத்தியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நம்பிவிட்டேனா என்று. நான் நம்பினேன், அவளுக்காக. சரி, குளிச்சிட்டு வந்ததும் கேட்டதா சொல்லு என்றேன். அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சைப் பார்த்த பிறகு நீ கையில் கிடைத்தால் அடிக்கத் தோன்றியது, கூடவே கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அடிக்கத்தான் அதிகம் தோன்றியது.

அம்மா பார்த்துவைத்த மாப்பிள்ளை, தெரிந்தால் உடைந்துபோவாள் என்று நினைத்திருப்பாய். உடைந்துபோவேனா நான்? ரத்தம் சொட்டச் சொட்ட வருகிறவனிடம் உன் பேரென்ன, வயசென்ன என்று கேட்டு எழுதிவிட்டு, அடுத்த ஆள் வாங்க என்று கூப்பிடுகிறவள். நான் பார்த்துவைத்தது தப்பாகப் போயிருந்தால் அந்தத் தப்பு என்னுடையது, அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. அவன் உன்மேல் கை நீட்டினானா, குடித்தானா, வேறு யாராவது உண்டா, இல்லை சும்மா ஒத்துப்போகவில்லையா, எதுவானாலும் எனக்கு நீ என் மகள், அவன் இரண்டாவதுதான். திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ் என்று ஒரு வார்த்தை என் வாயில் வராது. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கமாட்டேன், ஊருக்கு வேலையில்லை. அப்பா கொஞ்சம் கத்துவார், பிறகு உனக்கு விமான டிக்கெட் எங்கே மலிவு என்று தேட ஆரம்பிப்பார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாக வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறேன், சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதில் எனக்கே இப்படியென்றால் அந்தக் குழந்தையை நினைத்துப் பார்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எனக்குப் போன் செய், மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டரை மூடியிருப்பேன். உன் வாயால் எல்லாவற்றையும் சொல். ஒன்றும் தெரியாதவள் மாதிரி முதலிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன், இனி அந்தச் சத்தியம் கிடையாது என்று சொல். நீ சொல்லிவிட்ட பிறகு அது பொய்யாக இருக்காது பார். அவளிடம் மன்னிப்பும் கேள், அக்கா என்று கௌரவம் பார்க்காதே. நானும் அந்த அடிக்குக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பதென்று தெரியாமல் மூன்று நாளாக அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். ஆனால் படிவத்தைப் பற்றி மூச்சு விடாதே. தன் கையெழுத்தால்தான் எனக்குத் தெரிந்தது என்று அவளுக்குத் தெரிந்தால், நாளைக்கு எனக்குச் சளி பிடித்தாலும் தன்னால்தான் என்று நினைப்பாள். நான் எழுபது வயதில் சாவதற்குக்கூட அவள் பொறுப்பேற்றுக்கொள்வாள்.

தனியாக இருக்கிறாய், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நாளைக்கே போடு. பிரெட்டைத் தின்று நாளை ஓட்டாதே, ஒருத்திக்குச் சமைக்க அலுப்பாக இருந்தால் இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமை. நன்றாக இரு, என் கோபம் உன் தலைக்கு மேலே போகட்டும், உன்மேல் விழ வேண்டாம்.

இதோடு அந்த ஸ்பாவில் கேட்டு வாங்கிய ஒரு வெற்றுப் படிவத்தை மடித்து வைத்திருக்கிறேன். எங்கே வலி, தூக்கம் எப்படி, மனதை அழுத்துவது என்ன, எல்லாவற்றையும் எழுதி எனக்குத் திருப்பி அனுப்பு. பொய் கூடாது, காலி கூடாது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை உன்னிடம் விட்டால் யோசிப்பாய் என்று நானே நிரப்பிவிட்டேன்.

இன்னும் கோபம் போகாத,
அம்மா