சுவரின் அடியில் ஒரு வரி

என் கடை மேசையில், பேனைகள் போட்டுவைக்கும் கோப்பைக்குள் உன் தூரிகை இன்னும் நிற்கிறது. மஞ்சள் பெயின்ற் காய்ந்து கல்லாய் இறுகிப்போன தூரிகை. இன்று காலை அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். நீ இருந்த தொடர்மாடியின் அலுவலகத்திலிருந்து ஓடர் ஒன்று வந்திருந்தது. உன் சுவரோவியத்துக்குப் பக்கத்தில் மாட்ட நினைவுப் பலகை வேண்டுமாம். உன் முகம், வாங்கிய விருதுகள், எல்லாம் போடவேண்டுமாம். கடைசியில் ஒரு குறிப்பு: ஓவியத்தின் அடியில் உள்ள வரி பலகையில் வேண்டாம், சுவரிலும் அதை அழிக்கப்போகிறோம்.

அந்த வரி எப்படி வந்ததென்று அவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் டோர்செட் பார்க் பகுதியில் நீ அந்தச் சுவரை வரைந்த கோடையில், எதிரே என் பெயர்ப்பலகைக் கடைக்குத் தினமும் வருவாய். எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் என்னை ‘அண்ணை’ என்றாய். வேலைக்குப் போக அந்தச் சுவரருகே பஸ்ஸுக்கு நின்ற உன் தம்பியை ஒரே மாதத்தில் மூன்று தடவை பொலிஸ் மறித்திருந்தது. கறுப்பினப் பையன் சும்மா நின்றாலே சந்தேகம்தான். ‘இங்கே நிற்பது குற்றமல்ல’ என்று படத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுதினாய். கட்டடத்தில் பாதிப் பேர் தமிழர், தமிழிலும் எழுதித் தாருங்கள் என்று கேட்டாய்.

நான் எழுதித் தந்தது, ‘இங்கே அன்பாய் இருப்போம்.’

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பார்த்து அழகாக வரைந்தாய். கடைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன். வந்த இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, அகதியாய் இறங்கிய நாளில் பிடித்த பயம். தொடர்மாடி அலுவலகம் எனக்குத் தரும் ஓடர்கள் போய்விடும் என்ற பயமும்தான்.

மூன்றாம் நாள் மேல்மாடி அன்ரி ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தாய். ஆங்கிலத்தில்தான் கேட்டாய், என் காதில் இன்றும் தமிழாகவே கேட்கிறது.

“அண்ணை, ஊரில ஆமிக்காரர் உங்களை றோட்டில மறிச்சு அடையாள அட்டை கேட்டதைச் சொன்னீங்கள். அப்ப ஆரும் வந்து ‘அன்பாய் இருப்போம்’ எண்டு சொல்லியிருந்தால்?”

“கன்னத்தைப் பொத்தி அறைஞ்சிருப்பன்.”

“நான் அறையேல்லை. வந்து தூரிகையைப் பிடியுங்கோ.”

அன்று பின்னேரம் பொய் வரியை மறைத்துவிட்டு, சரியான வரியை என் கையாலேயே எழுதினேன். கீழே பெயரையும் போடச் சொன்னாய். “எனக்கேன் பிள்ளை உந்த வேலை?” என்று தூரிகையோடு கடைக்கு ஓடிவந்துவிட்டேன்.

பிறகு நீ பெரிய ஆளானாய். விருது விழாவுக்கு என்னையும் கூட்டிப்போனாய். கூட்டம் எழுந்து கைதட்டியது. நன்றி சொல்லி இறங்குவாய் என்று பார்த்தால், “என் படத்தை வீட்டில் மாட்டுகிறீர்கள். என் தம்பி உங்கள் தெருவில் நடந்தால் பொலிசைக் கூப்பிடுகிறீர்கள்,” என்றாய். கைதட்டல் நின்றது. அதன்பின் உனக்கு வந்த வேலைகளும் குறைந்தன. கொஞ்சம் பேசாமல் இருந்திருக்கலாமே என்று திரும்பும் வழியில் முணுமுணுத்தேன். “பேர் இல்லாத காலத்தில கத்தினன், ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப கேக்கினம். இப்பவா வாயை மூடுறது?” என்று சிரித்தாய்.

போன மாரியில் நோய் உன்னைக் கொண்டுபோனது. இன்று உன் சிரிப்பு வேண்டுமாம், விருது வேண்டுமாம், நீ சொன்னது மட்டும் வேண்டாமாம். போன கிழமையும் உன் தம்பியை அதே இடத்தில் மறித்திருக்கிறார்கள்.

பலகையில் அந்த வரியை இரண்டு மொழியிலும் பெரிதாகவே போட்டு, மாதிரியை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் வேலைசெய்யும் எங்கள் ஆள் ஒருவர் போன் எடுத்தார்.

“அண்ணை, உதை எடுத்துவிடுங்கோ, வீண் பிரச்சினை.”

“வரி இல்லாமல் பலகை இல்லை. சுவரில அழிச்சால் திரும்ப எழுதுவன்.”

“ஆர் எழுதினதெண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?”

உன் தூரிகையைத் தின்னரில் ஊறவைத்தேன். பாதி மயிர்தான் இளகியது, அது போதும். சுவரில் தமிழ் வரிக்குக் கீழே, நீ அன்று எனக்கென்று விட்ட இடத்தில், தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தும் வாசிக்கிற அளவுக்கு என் முழுப் பெயரையும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை, பஸ்ஸுக்கு வந்த உன் தம்பி அங்கேயே நின்றான்.