விட்டுப்போன சொல்

11 ஆகஸ்ட் 1974, ஞாயிறு

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் வினாடி வினா. எங்கள் மாதர் அணியும் பக்கத்து ஊரான பெருமாட்டியின் அணியும் கடைசிக் கேள்விவரை சமம். வழக்கம்போல் என் வீட்டுக்காரர்தான் கேள்விகளைப் படித்தார். "பசுவைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல் எது?" முதலில் மணியை அடித்தவள் நான். "கோ" என்றேன். தவறாம். பெருமாட்டிச் சின்னையன் "ஆ" என்றான். பாலக்காட்டுப் போட்டிக்கு அவர்கள் போகிறார்கள்.

கோவும் பசுதானே? இரண்டு விடை இருக்கும்போது 'எது' என்று எப்படி எழுதலாம்?

12, திங்கள்

கேள்விகளை எழுதியவள் பூவாத்தாள் டீச்சர். சின்னையன் அவளுடைய தம்பி. இதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

14, புதன்

சந்தையில் பூவாத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிப்பு?

16, வெள்ளி

கேட்டேவிட்டேன். "தம்பிக்குன்னே எழுதுனியா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "இல்லீங்க்கா. 'உயிரெழுத்தாலான ஓரெழுத்துச் சொல்'னுதான் எழுதுனேன். கோ வந்துரக்கூடாதுன்னுதான். படிக்கறப்ப அது வரலை. உங்க ஊட்டுக்காரராச்சே, சபையில எப்படிச் சொல்றது? தம்பியும் ஜெயிச்சுட்டான். வாய் வரலை."

சரிபார்க்கலாம் என்றால் கேள்வித்தாளை அன்றே கிழித்துப் போட்டாயிற்று. நம்புவதா? பழியை இவர்மேல் திருப்புகிறாளோ?

17, சனி

சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்தக் கேள்வியில ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?"

"இருந்தபடிதான் படிச்சேன்."

கை கழுவும்போது அவராகவே சொன்னார். "உயிரெழுத்துன்னு இருந்திருந்தாலும் அவசரத்துல நீ கோன்னுதான் சொல்லியிருப்பே."

அந்தச் சொல்லை நான் வாயிலெடுக்கவே இல்லை.

"உயிரெழுத்துன்னு ஆருங்க சொன்னது?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாலக்காட்டுல போயி மூணு நாள் தங்கோணும். மேடையில நிக்கோணும். ஊர்ல என்னயத்தான கேப்பாங்க."

போக வேண்டாம்னு நேரா சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னால என்னைத் தோக்க வெச்சாரே — பூவாத்தாளை நான் என்னவெல்லாம் நெனச்சுட்டேன்.

18, ஞாயிறு

"நீங்களே போயிச் சொல்லுங்க" என்றேன். போனார். 'ஒரு சொல் விட்டுப்போச்சு' என்றாராம். வாசகசாலைச் செயலாளர் பொன்ராஜ் வந்து சொன்னார். 'விட்டுட்டேன்' இல்லை. 'விட்டுப்போச்சு'.

அடுத்த ஞாயிறு இரு அணிக்கும் புதிதாக ஒரு கேள்வி.

20, செவ்வாய்

வீட்டில் பேச்சில்லை.

25, ஞாயிறு

படிப்பது யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "எழுதுன பூவாத்தாளே படிக்கட்டும்" என்றேன். எங்கள் அணியில் ஒருத்தி என் தொடையைக் கிள்ளினாள், எதிரில் அவள் தம்பி உட்கார்ந்திருக்கிறானே என்று. படிக்கட்டும் என்றேன் மறுபடியும். அவர் எழுந்து பின்வரிசைக்குப் போனார்.

பூவாத்தாள் ஒவ்வொரு சொல்லாக, இரண்டு முறை படித்தாள். முழுக்கக் கேட்ட பிறகே மணியை அடித்தேன். விடை சரி.

வியாழக்கிழமை பாலக்காட்டு பஸ். பூவாத்தாளும் துணைக்கு வருகிறாள்.

அவர் இன்னும் பேசவில்லை. ஆனால் நான் கேட்காமலே பரணிலிருந்து என் தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்.